ஏமன் போர்: இரண்டு அவையும் ‘நிறுத்து’ என்ற பிறகும் ஏன் நிற்கவில்லை?

பாரதிபுரத்தான்

2019 மார்ச் 13 அன்று அமெரிக்க செனட்டில் 54க்கு 46. ஏப்ரல் 4 அன்று பிரதிநிதிகள் சபையில் 247க்கு 175. ஏமனில் ஹூதி கிளர்ச்சியாளர்களுக்கு எதிராகச் சவூதி கூட்டணி நடத்திய போருக்கு அமெரிக்கப் படை கைகொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று இரண்டு அவைகளும் தீர்மானம் போட்டன. ஏப்ரல் 16 அன்று அதிபர் டிரம்ப் அதை வீட்டோ செய்தார். மே 2 அன்று அந்த வீட்டோவை முறியடிக்க செனட்டில் நடந்த வாக்கெடுப்பில் 53க்கு 45. மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காததால் தீர்மானம் அங்கேயே செத்தது.

இதைப் பேசும் பலரும் ‘டிரம்ப் தடுத்துவிட்டார்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. அந்த நாற்காலியில் யார் இருந்திருந்தாலும் தடுக்க முடிந்திருக்கும். அந்த அளவுக்குச் சட்டமே அதிபர் பக்கம் சாய்ந்து கிடக்கிறது. எப்படிச் சாய்ந்தது என்பதைப் பேசத்தான் இந்த இழை.

வியட்நாம் அனுபவத்துக்குப் பிறகு 1973இல் போர் அதிகாரச் சட்டம் வந்தது. அதிபர் படையைச் சண்டையில் இறக்கினால் 48 மணி நேரத்துக்குள் காங்கிரசுக்கு (இரு அவைகளும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றம்) எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காங்கிரஸ் அனுமதி தராவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும், படையைப் பத்திரமாக வெளியேற்ற இன்னொரு 30 நாள். இதைவிடக் கூர்மையான பிரிவு ஒன்றும் அதில் இருந்தது. இரண்டு அவைகளும் சாதாரணப் பெரும்பான்மையில் ‘வெளியே வா’ என்று தீர்மானித்தால் போதும். அதிபரின் கையெழுத்தே வேண்டாம், ஆகவே வீட்டோவுக்கும் வேலை இல்லை.

1983இல் அந்தப் பல் பிடுங்கப்பட்டது. பிடுங்கிய வழக்குக்கும் போருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான சாதா என்ற மாணவர் அமெரிக்காவிலிருந்து வெளியேற்றப்படுவதை எதிர்த்து நடத்திய குடியேற்ற வழக்கு அது. அதிபருக்கு அனுப்பாமல் அவைகள் போடும் தீர்மானத்துக்குச் சட்ட வலு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் போர் விஷயத்திலும் அதிபரின் மேசைக்குப் போகும் கூட்டுத் தீர்மானம்தான் வழி என்றாகிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். முன்பு போரை நிறுத்த செனட்டில் 51 பேர் போதும். இப்போது 67 பேர் வேண்டும். திருப்பிச் சொன்னால், நூறு பேரில் 34 பேர் கையில் இருந்தால் அதிபர் ஒரு போரைத் தொடர்ந்துகொண்டே இருக்கலாம்.

---

கடற்கரைத்திண்ணை

நல்ல தொடக்கம் சார். ஆனால் இதை ‘சட்டத்தின் கோளாறு’ என்று மட்டும் சொன்னால் அந்த உறுப்பினர்கள் தப்பித்துவிடுவார்கள். 2018 மார்ச் 20 அன்று இதே தீர்மானம் செனட்டுக்கு வந்தது. செனட்டர்கள் பெர்னி சாண்டர்ஸ், மைக் லீ, கிறிஸ் மர்பி மூவரும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். 55க்கு 44 என்று விவாதத்துக்கே எடுக்காமல் கிடப்பில் போட்டார்கள். அந்த 55 பேரில் ஜனநாயகக் கட்சிக்காரர்களும் உண்டு. அப்போது வீட்டோவும் இல்லை, சாதா தீர்ப்பும் குறுக்கே வரவில்லை. மனமில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 9 அன்று சாடா மாகாணம் தஹ்யானில் சந்தை வழியே போன பள்ளிப் பேருந்தின் மீது குண்டு விழுந்தது. 40 குழந்தைகள் இறந்ததாகச் செஞ்சிலுவைச் சங்கம் சொன்னது. அமெரிக்கத் தயாரிப்புக் குண்டு என்பது சிதறிய துண்டுகளை வைத்து வெளிவந்தது. அதற்கும் செனட் அசையவில்லை. அக்டோபர் 2 அன்று இஸ்தான்புல் சவூதி துணைத் தூதரகத்தில் சவூதி பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜி கொல்லப்பட்ட பிறகுதான் அசைந்தது. நவம்பர் 28 அன்று 63க்கு 37. கஷோக்ஜிக்கு நியாயம் கேட்டது சரிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த 40 குழந்தைகளுக்காக ஒரு வாக்கெடுப்பும் வரவில்லையே என்பதுதான் என்னால் ஜீரணிக்க முடியாதது.

---

தேன்மொழி_82

திண்ணை அண்ணா சொல்வது செனட். பிரதிநிதிகள் சபையில் நடந்தது இதைவிட மோசம், அதை யாரும் விவரமாகப் பேசுவதில்லை.

போர் அதிகாரச் சட்டத்தின்படி வரும் தீர்மானத்துக்கு முன்னுரிமை உண்டு. குழுவில் போட்டு அமுக்க முடியாது, குறிப்பிட்ட நாட்களுக்குள் அவைக்கு வந்தே தீர வேண்டும். சிறுபான்மைக் கட்சி உறுப்பினர்கூட வாக்கெடுப்பைக் கட்டாயப்படுத்த முடியும் என்பதுதான் இந்தச் சட்டத்தில் மிஞ்சியிருந்த உயிர்.

ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ரோ கன்னா கொண்டுவந்த ஏமன் தீர்மானம் 2018 நவம்பரில் அப்படித்தான் வரிசையில் இருந்தது. அப்போது சபாநாயகர் குடியரசுக் கட்சியின் பால் ரயான். நவம்பர் 14 அன்று ஓநாய்களைப் பற்றிய மசோதா ஒன்று அவைக்கு வந்தது. சாம்பல் ஓநாயை அழியும் உயிரினப் பட்டியலிலிருந்து நீக்கும் மசோதா. ஒவ்வொரு மசோதாவுக்கும் முன்னால் ‘இதை எப்படி விவாதிப்பது’ என்று விதித் தீர்மானம் ஒன்று போடுவார்கள். ஓநாய் மசோதாவின் விதித் தீர்மானத்துக்குள் ஒரு வரியைச் செருகினார்கள்: ஏமன் தீர்மானத்துக்கு அந்த முன்னுரிமை பொருந்தாது. 201க்கு 187 என்று நிறைவேறியது.

டிசம்பரில் செனட் தீர்மானம் வரப்போகிறது என்று தெரிந்ததும் மறுபடி அதே வேலை. இந்த முறை விவசாய மசோதா. டிசம்பர் 12 அன்று அதன் விதித் தீர்மானத்தில் சேர்த்த வரி, அந்த ஆண்டு முடியும்வரை எந்த ஏமன் தீர்மானமும் முன்னுரிமையோடு வர முடியாதபடி செய்தது. 206க்கு 203. மூன்றே வாக்கு. ஜனநாயகக் கட்சியில் ஐந்து பேர் விவசாய மசோதாவைக் காரணம் காட்டி அந்தப் பக்கம் போனார்கள். மறுநாளே, டிசம்பர் 13 அன்று, செனட் 56க்கு 41 என்று போர் உதவியை நிறுத்தச் சொன்னது. பிரதிநிதிகள் சபையின் கதவு முந்தின நாளே சாத்தப்பட்டிருந்தது.

போரை ஆதரிக்கிறேன் என்று எழுந்து நின்று வாக்களிப்பவரோடு நான் வாதாடுவேன், அவரை மதிக்கவும் செய்வேன். பஞ்சத்தின் விளிம்பில் லட்சக்கணக்கானோர் நிற்கும்போது, வாக்கெடுப்பே வரவிடாமல் சந்தடி சாக்கில் ஒரு வரியைச் செருகியவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

---

ஏர்வாடி_ரபீக்

அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஜிஸான் பக்கம் வேலை பார்த்தவன். சவூதியில் ஏமன் எல்லைக்கு அருகில் உள்ள ஊர். போர் நடந்த காலத்தில் நம்ம ஊர்ப் பிள்ளைகள் நிறைய பேர் அங்கே கடைகளிலும் கட்டட வேலையிலும் இருந்தார்கள். இரவில் வானத்தில் இடைமறிப்பு ஏவுகணை வெடிக்கும் சத்தம் கேட்டால் ஊருக்கு போன் போட்டு ‘நல்லா இருக்கோம்’ என்று சொல்லிவிட்டுத்தான் படுப்போம். 2022 ஜனவரியில் அபுதாபி முஸஃப்பாவில் ஹூதிகள் நடத்திய தாக்குதலில் இறந்த மூவரில் இருவர் இந்தியர், ஒருவர் பாகிஸ்தானி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சவூதிக்குத் தற்காப்பு வேண்டாம் என்று அங்கே பிழைக்கப் போனவன் யாரும் சொல்ல மாட்டான். அதே சமயம் ஏமன்காரர்களும் எங்களோடு ஒரே அறையில் தங்கி வேலை பார்த்தார்கள். அவர்கள் ஊரில் கல்யாண வீடும் மையத்து வீடும் குண்டுக்குத் தப்பவில்லை. 2016 அக்டோபர் 8 அன்று சனாவில் துக்க மண்டபத்தின் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் போனார்கள். ஏவுகணையைத் தடுப்பது வேறு, மண்டபத்தில் குண்டு போடுவது வேறு. அந்தத் தீர்மானம் இரண்டையும் பிரித்துப் பார்த்ததா? அமெரிக்கா அங்கே உண்மையில் என்னதான் செய்துகொண்டிருந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

டெட்ராய்ட்_தமிழன்

வ அலைக்கும் ஸலாம் பாய். தெரிந்ததைச் சொல்கிறேன்.

2015 மார்ச்சில் சவூதி கூட்டணி வான்தாக்குதலைத் தொடங்கியதுமே ஒபாமா அரசு உதவியை அறிவித்துவிட்டது. காங்கிரசில் வாக்கெடுப்பு எதுவும் இல்லை. உதவி என்பது முக்கியமாக மூன்று: கூட்டணி விமானங்களுக்கு நடுவானில் எரிபொருள், உளவுத் தகவலும் இலக்கு தேர்வில் ஆலோசனையும், பிறகு ஆயுத விற்பனை. இதில் ஆயுத விற்பனைக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, அது வேறு கதை. அல்-கைதாவுக்கு எதிரான நடவடிக்கைகளைத் தீர்மானம் தொடவில்லை, அதை வெளிப்படையாகவே விலக்கி வைத்தார்கள். சவூதியின் இடைமறிப்பு ஏவுகணைகளைப் பறிப்பதும் அதன் நோக்கம் இல்லை. ஹூதிகளுக்கு எதிரான போரில் அமெரிக்கப் படை பங்கெடுப்பதை நிறுத்துவதுதான் நோக்கம்.

சட்டச் சண்டை முழுவதும் அந்த எரிபொருளைச் சுற்றித்தான். அரசுத் தரப்பு சொன்னது: எங்கள் வீரர் யாரும் அங்கே சுடவில்லை, எங்களை யாரும் சுடவில்லை, ஆகவே நாங்கள் சண்டையில் இல்லை, 60 நாள் கடிகாரமும் ஓடாது. எதிர்த்தரப்பு அதே 1973 சட்டத்தின் 8ஆம் பிரிவைக் காட்டியது. இன்னொரு நாட்டுப் படை சண்டையில் இருக்கும்போது, அதை ஒருங்கிணைக்கவோ அதன் நகர்வில் பங்கேற்கவோ அதோடு கூடப் போகவோ அமெரிக்க வீரர்களை நியமித்தால் அதுவும் படையை இறக்கியதுதான் என்கிறது அந்தப் பிரிவு. குண்டு போடப் போகும் விமானத்துக்கு வழியில் எரிபொருள் நிரப்பிவிட்டு ‘எனக்குச் சம்பந்தமில்லை’ என்று சொல்வதை எப்படி ஏற்பது?

இன்னொன்று. அந்த எரிபொருளுக்குச் சவூதியிடமும் அமீரகத்திடமும் ஒழுங்காகக் காசு வாங்கவில்லை என்று பென்டகனே 2018 டிசம்பரில் சொன்னது. வசூலிக்க வேண்டிய தொகை 33.1 கோடி டாலர். அதில் எரிபொருளின் விலை 3.68 கோடி, மீதி 29.43 கோடி விமானங்கள் பறந்த செலவு. காங்கிரசின் அனுமதி இல்லாத ஒரு போரின் செலவு, காங்கிரசுக்கே தெரியாமல், என்னைப் போன்றவர்கள் கட்டும் வரிப்பணத்திலிருந்து போயிருக்கிறது.

---

முத்துநகர்

காசைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். போரை நிறுத்தச் சொல்லும் தீர்மானங்களின் வரலாற்றைப் பார்த்தால், ‘வெளியே வா’ என்று சொன்னவை பெரும்பாலும் காற்றில் போயின. ‘இந்தத் தேதிக்குப் பிறகு பணம் கிடையாது’ என்று சொன்னவைதான் நின்றன.

1970இல் அதிபர் நிக்சன் கம்போடியாவுக்குள் படையை அனுப்பியபோது கூப்பர், சர்ச் என்ற இரண்டு செனட்டர்கள் (ஒருவர் குடியரசுக் கட்சி, ஒருவர் ஜனநாயகக் கட்சி) அங்கே தரைப்படை வைக்கப் பணம் தரக்கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தார்கள். செனட்டில் 58க்கு 37 என்று தேறியது. மற்ற அவையில் இழுபறியாகி, வெட்டிச் சுருக்கி, ஆண்டுக் கடைசியில் நிறைவேறி 1971 ஜனவரியில் சட்டமானது. அதற்குள் படை திரும்பியிருந்தது, குண்டுவீச்சு மட்டும் நிற்கவில்லை. 1973இல் காங்கிரஸ் மறுபடி கையில் எடுத்தது. முதலில் வந்த தடையை நிக்சன் வீட்டோ செய்தார். அரசு நடத்தவே தேவையான நிதி மசோதாக்களோடு தடையைக் கட்டிவிடுவோம் என்று காங்கிரஸ் நின்றதும் இறங்கி வந்து, ஆகஸ்ட் 15ஐ கடைசித் தேதியாக ஒப்புக்கொண்டார். அந்தத் தேதியில் கம்போடியக் குண்டுவீச்சு நின்றது. சோமாலியாவிலும் அப்படித்தான்: 1994 மார்ச் 31க்குப் பிறகு பணம் இல்லை என்று சட்டம் போட்டார்கள், அதற்கு முன்பே படை வெளியேறியது.

பாரதிபுரத்தான் சொன்ன 34 பேர் கணக்கு பணத்தில் தலைகீழாகும். போரைத் தொடர அதிபருக்கு ஒவ்வொரு ஆண்டும் புதிய நிதி வேண்டும். காங்கிரஸ் பேசாமல் இருந்தாலே போதும், பணம் நின்றுவிடும்.

---

கடற்கரைத்திண்ணை

முத்துநகர் ஐயா, ஏட்டில் அது சரி. நிக்சன் காலத்தில் நடந்தது இப்போது நடக்காததற்குக் காரணம் உண்டு. ஏமனுக்கும் பண வழியை முயன்றார்கள். 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபை ஆண்டு ராணுவ மசோதாவில் ஏமன் போருக்கான நிதித் தடையைச் சேர்த்து நிறைவேற்றியது. இரு அவைகளின் மசோதாவையும் ஒன்றாக்கும் பேச்சுவார்த்தையில் அது கழற்றி விடப்பட்டது. ராணுவ வீரர்களின் சம்பள உயர்வும் அதே மசோதாவில்தான் இருக்கிறது. அதை எதிர்த்து வாக்களிக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

எண்பதுகளில் நிகரகுவாவையும் மறக்க வேண்டாம். அந்நாட்டு அரசை எதிர்த்துப் போரிட்ட கான்ட்ரா படைக்குப் பணம் தரக்கூடாது என்று போலண்ட் திருத்தம் தெளிவாகச் சொன்னது. ரீகன் அரசின் ஆட்கள் ஈரானுக்கு ஆயுதம் விற்ற பணத்தை அந்தப் பக்கம் திருப்பினார்கள். சட்டம் பூட்டிய கதவுக்குப் பின்னால் புறவாசல் திறந்திருந்தது.

---

பாரதிபுரத்தான்

திண்ணை சார், உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் தோற்ற வாக்கெடுப்பால் ஒரு பயனும் இல்லை என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். தேதிகளை வரிசையாக வையுங்கள்.

2018 அக்டோபர் 2, கஷோக்ஜி கொலை. நவம்பர் 6, இடைக்காலத் தேர்தலில் பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சியிடம் போகிறது. நவம்பர் 9, நடுவானில் எரிபொருள் நிரப்புவது நிறுத்தப்படுவதாகச் செய்தி. சவூதி தானே கேட்டுக்கொண்டதாக அறிவிப்பு வந்தது. மூன்றரை ஆண்டாகத் தேவைப்பட்ட எரிபொருள், வாக்கெடுப்பு நெருங்கும்போது தேவையில்லாமல் போனது. நவம்பர் 28 அன்று வெளியுறவுச் செயலர் பொம்பேயோவும் பாதுகாப்புச் செயலர் மாட்டிஸும் செனட்டர்களை மூடிய அறையில் சந்தித்துத் தீர்மானத்தை எதிர்க்கச் சொன்னார்கள். சிஐஏ இயக்குநர் வரவில்லை. ‘எங்களுக்கு முழு உண்மையைச் சொல்லத் தயாரில்லையா?’ என்ற கொதிப்பும் சேர்ந்து, அன்றே குடியரசுக் கட்சியினர் 14 பேர் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள்.

டிசம்பர் 13 அன்று செனட் தீர்மானம். அதே நாளில் சுவீடனில் ஹூதிகளும் ஏமன் அரசும் ஹொதெய்தா துறைமுகத்துக்குப் போர்நிறுத்தம் பேசி முடித்தார்கள். ஏமனுக்குள் வரும் உணவில் பெரும்பகுதி அந்தத் துறைமுகம் வழியாகத்தான் வரும். அங்கே முழுச் சண்டை நடந்திருந்தால் பட்டினிச் சாவு எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. செனட் வாக்கு ஒன்றே அதைச் சாதித்தது என்று நான் சொல்லமாட்டேன், ஐ.நா.வின் உழைப்பு அதில் பெரிது. அமெரிக்காவின் ஆதரவு இனி நிச்சயமில்லை என்ற நினைப்பு ரியாத்தில் விழுந்ததற்கு இந்த வாக்கெடுப்புகளுக்குப் பங்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

என் வருத்தமே வேறு. எரிபொருள் நின்ற பிறகும் போர் நின்றுவிடவில்லை. 2021 பிப்ரவரி 4 அன்று பைடன் ‘தாக்குதல் நடவடிக்கைகளுக்கு’ ஆதரவு இல்லை என்று அறிவித்தார். எது தாக்குதல், எது தற்காப்பு என்று எல்லை வகுக்கும் சட்டம் எதுவும் இல்லாததால் அது அரசின் கையிலேயே இருந்தது. 2021 முடிவுக்குள் 3,77,000 உயிர்கள் போயிருக்கும் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டம் மதிப்பிட்டது. அவற்றில் ஏறத்தாழ 60 சதவீதம் பசி, நோய், மருத்துவம் கிடைக்காமை. 2022 டிசம்பரில் சாண்டர்ஸ் மறுபடி தீர்மானத்தை எடுத்தபோது பைடனின் வெள்ளை மாளிகை எதிர்த்தது, அவரும் பேச்சுவார்த்தை நடத்துவோம் என்று திரும்பப் பெற்றார். முதல் பதிவில் ‘யார் இருந்திருந்தாலும்’ என்று எழுதியது இதற்காகத்தான்.

---

தேன்மொழி_82

பிரிட்டனோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. 2013 ஆகஸ்ட் 29 அன்று சிரியா மீது தாக்குதல் நடத்துவது பற்றி அரசு கொண்டுவந்த தீர்மானம் 285க்கு 272 என்று தோற்றது. வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் அங்கே இல்லை. பிரதமர் கேமரன் அன்றிரவே அவையில் எழுந்து, நாடாளுமன்றம் விரும்பவில்லை, அதன்படி நடப்பேன் என்றார். பிரிட்டன் அந்தத் தாக்குதலுக்குப் போகவில்லை. ஜெர்மனியில் இன்னும் கறார்: வெளிநாட்டுக்கு ஆயுதப் படை போக முன்கூட்டியே நாடாளுமன்ற அனுமதி வேண்டும் என்று 1994இல் அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லி, 2005இல் சட்டமும் வந்தது.

அங்கெல்லாம் ‘போகலாமா?’ என்று முதலில் கேட்கிறார்கள். அமெரிக்காவில் போன பிறகு ‘வா’ என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது.

---

ஏர்வாடி_ரபீக்

எல்லாருக்கும் நன்றி. ஒன்று மட்டும் கேட்கிறேன். 2025இல் அமெரிக்காவே நேரடியாக ஹூதிகள் மேல் குண்டு போட்டதே, அப்போது அந்த 60 நாள் விதி என்ன ஆனது? அதில் ‘சண்டையில் இல்லை’ என்று சொல்ல முடியாதே?

---

டெட்ராய்ட்_தமிழன்

சொல்ல முடியாது பாய். ஆனால் கடிகாரம் முடியும்வரை போகவில்லை. மார்ச் 15 அன்று தொடங்கி மே 6 அன்று ஓமன் மத்தியஸ்தத்தில் நிறுத்தினார்கள். 52 நாள். அதற்கு முந்தைய ஆண்டு, 2024 ஜனவரியிலிருந்து பைடன் அரசு நடத்திய தாக்குதல்கள் மாதக்கணக்கில் நீண்டன. அப்போதும் காங்கிரஸ் அனுமதி வாக்கெடுப்பு இல்லை. கெய்ன், லீ, மர்பி, யங் என்று இரு கட்சி செனட்டர்கள் நால்வர் எந்தச் சட்ட அதிகாரத்தில் செய்கிறீர்கள் என்று கடிதம் எழுதிக் கேட்டார்கள்.

2011 லிபியாவும் அப்படித்தான். மார்ச் 19 அன்று தொடங்கிய நடவடிக்கை மே மாதம் 60 நாளைத் தாண்டியது. சட்டம் சொல்லும் அளவுக்கு இது சண்டை இல்லை என்று ஒபாமாவின் சட்ட ஆலோசகர்கள் விளக்கம் கொடுத்தார்கள். பிரதிநிதிகள் சபை ஜூனில் அனுமதி தரவும் மறுத்தது, நிதியை வெட்டவும் மறுத்தது. இரண்டையும் ஒரே நாளில்.

---

முத்துநகர்

இதற்கு மருந்து ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. 2021 ஜூலையில் அதே மூவர், மர்பி, லீ, சாண்டர்ஸ், ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். ‘சண்டை’ என்றால் என்ன என்று வரையறை. 60 நாள் என்பது 20 நாளாகக் குறையும். முக்கியமானது கடைசி அம்சம்: அனுமதி இல்லாமல் கெடு தாண்டினால் பணம் தானாகவே நிற்கும். யாரும் தீர்மானம் கொண்டுவர வேண்டாம், யாரும் 67 பேரைத் தேட வேண்டாம். ஆயுத விற்பனைக்கும் அவசரநிலை அறிவிப்புகளுக்கும் அதே முறைதான்.

---

கடற்கரைத்திண்ணை

நல்ல மசோதா. படித்திருக்கிறேன். ஆனால் அதுவும் அதிபர் மேசைக்குத்தானே போக வேண்டும்? தன் கையைத் தானே கட்டும் சட்டத்தில் எந்த அதிபர் கையெழுத்துப் போடுவார்? மறுபடி 67 பேர் கணக்குக்கே வந்து நிற்கிறோம்.

---

முத்துநகர்

ஆமாம் திண்ணை, ஒருமுறை அந்தக் கணக்கு தேறியிருக்கிறது. 1973 சட்டத்தையும் நிக்சன் வீட்டோ செய்தார். அந்த ஆண்டு அக்டோபர் 10 அன்று துணை அதிபர் ஆக்னியூ ஊழல் வழக்கில் பதவி விலகினார். அக்டோபர் 20 அன்று வாட்டர்கேட் ஊழலை விசாரித்த சிறப்பு வழக்கறிஞரை நிக்சன் நீக்க வைத்தார், அதைச் செய்ய மறுத்த அட்டர்னி ஜெனரலும் அவருடைய துணையும் ஒரே இரவில் வெளியேறினார்கள். நாடே கொந்தளித்தது. நவம்பர் 7 அன்று வீட்டோ முறியடிப்பு வாக்கெடுப்பு. செனட்டில் 75க்கு 18. பிரதிநிதிகள் சபையில் 284க்கு 135. தேவைப்பட்டது 280, நான்கு வாக்கு கூடுதல்.

அப்படி ஒரு நேரம் மறுபடி வரும்போது மசோதா தயாராக மேசையில் இருக்க வேண்டும். அதனால்தான் தோற்றாலும் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் யாராவது அதைக் கொண்டுவந்து வாக்கெடுப்பு கேட்க வேண்டும் என்கிறேன்.